கட்டின பணம் போனால் போகட்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தால்

வெளிநாட்டு வேலை என்று நம்பிப் போய், மியான்மரில் ஒரு ஆன்லைன் மோசடி வளாகத்தில் மாட்டிக்கொண்டு திரும்பியவன் நான். மொத்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கதைக்குப் போகலாம். ஏஜெண்டுக்குக் கொடுத்தது 1,60,000 ரூபாய். என்னை விடுவிப்பதாகச் சொல்லி வீட்டிலிருந்து பிடுங்கியது 2,50,000. அம்மாவின் நகைக்கும் அக்கா வாங்கிய கைமாற்றுக்கும் இதுவரை கட்டிய வட்டி மட்டும் 70,000க்கு மேல். போனது 2024 ஆகஸ்ட், திரும்பியது 2025 மார்ச். கிட்டத்தட்ட ஏழு மாதத்தில் சம்பளம் என்று என் கைக்கு வந்தது ஒரே ஒரு தடவை, நம் காசுக்கு 9,000 சொச்சம். அதையும் அந்த வளாகத்துக்குள் இருந்த கடையிலேயே சோப்புக்கும் நூடுல்ஸுக்கும் செலவழித்துவிட்டேன், வெளியே போய்ச் செலவழிக்க வழியில்லை.

திரும்பி வந்ததும் எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, “படிச்ச பையன், உனக்குத் தெரியலையா?” உண்மையைச் சொன்னால், தெரிந்தது. முழுசாகத் தெரியவில்லை, ஆனால் விமான நிலையத்திலேயே வயிற்றில் ஏதோ பிசைந்தது. அப்புறம் ஏன் போனாய் என்றால் பதில் வெட்கக்கேடானது: பணம் கட்டியாகிவிட்டது. ஒவ்வொரு இடத்திலும், இறங்கிவிடலாமா என்று தோன்றிய ஒவ்வொரு நிமிடமும், அந்த 1,60,000தான் என்னை முன்னால் தள்ளியது. ஆள் கடத்தல் என்றால் வாயில் துணி அடைத்து வேனில் தூக்கிப்போடுவது என்று நினைத்திருந்தேன். என்னை யாரும் தொடக்கூட இல்லை. நானே பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

வேலை விளம்பரம் டெலிகிராமில் வந்தது. பாங்காக்கில் ஐடி கம்பெனி, ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்’, மாதம் 80,000 சம்பளம், தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். பிறகுதான் பார்த்தேன், இதே பதவியின் பெயரைப் போட்டு, தாய்லாந்து வேலை மோசடி பற்றி நம் வெளியுறவுத் துறை 2022 செப்டம்பரிலேயே எச்சரிக்கை விட்டிருக்கிறது. டைப்பிங் டெஸ்ட் வைத்தார்கள். வீடியோ காலில் இன்டர்வியூ, பத்து நிமிடம். என் அனுபவத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. வயது என்ன, கல்யாணம் ஆகிவிட்டதா, வீட்டில் யார் யார், உடம்புக்கு ஏதாவது வியாதி உண்டா, இவ்வளவுதான். அன்றைக்கு அது அக்கறை மாதிரி இருந்தது. எனக்கு இதைப் பரிந்துரைத்தது பழைய ஆபீஸில் என்னோடு வேலை பார்த்த அண்ணன் ஒருவர். அவர் அங்கேயே இருக்கிறார், நல்லா இருக்கிறார் என்று போட்டோ எல்லாம் அனுப்பினார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி இரண்டு விஷயம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட், 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்படி உரிமம் வைத்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. அவ்வளவுதான். அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் ஏஜெண்டின் பெயரைப் போட்டால் உரிமம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எனக்கு ஐந்து நிமிட வேலை, செய்யவில்லை. இரண்டாவது, தாய்லாந்து நம் ‘இசிஆர்’ (குடிபெயர்வுச் சோதனை தேவை) பட்டியலில் இருக்கிற நாடு. அதாவது பத்தாவது தேறாத ஒரு கொத்தனார் அங்கே வேலைக்குப் போனால், அவருடைய ஒப்பந்தத்தை அரசு ஒரு தடவை பார்த்து அனுமதி கொடுக்க வேண்டும். பட்டம் வாங்கிய எனக்கு அந்தச் சோதனையே கிடையாது, நேராக விமானம் ஏறலாம். படித்தவனுக்கு விவரம் தெரியும் என்று சட்டம் நம்புகிறது. அந்த நம்பிக்கையைத்தான் இவர்கள் சம்பாத்தியமாக்குகிறார்கள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் ஏஜெண்ட் போன் செய்தார். “தம்பி, இமிகிரேஷன்ல கேட்டா டூர்னு சொல்லிடுங்க. ஒர்க் பர்மிட் அங்க போனதும் கம்பெனியே எடுத்துடும்.” கையில் ஐந்து நாள் ஹோட்டல் புக்கிங்கும் ரிட்டர்ன் டிக்கெட்டும் கொடுத்தார்கள், இரண்டும் பிறகு ரத்து செய்யப்பட்டவை. தாய்லாந்துக்கு இந்தியர்கள் விசா இல்லாமல் 60 நாள் இருக்கலாம் என்று அப்போதுதான் வந்திருந்தது. சுற்றுலாவுக்கு வந்தவர் அங்கே வேலை பார்க்கக் கூடாது, ஒர்க் பர்மிட் வேண்டும். உங்கள் சொந்த நாட்டு அதிகாரியிடம் பொய் சொல்லச் சொல்லும் கம்பெனி எந்தக் கம்பெனியாக இருக்கும் என்று யோசியுங்கள். நான் யோசித்தேன். கவுண்டரில் இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, “சுத்திப் பாக்கத்தானே போறீங்க?” என்று இரண்டு தடவை கேட்டார். இப்போது நினைத்தால், அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் “ஆமா சார்” என்றேன்.

பாங்காக்கில் என் பெயர் எழுதிய அட்டையோடு டிரைவர் நின்றிருந்தார். அவருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. கார் நகரத்தை விட்டு வெளியேறியதும் போனில் மேப்பைத் திறந்தேன். நீலப் புள்ளி வடமேற்காகப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம், மூன்று மணி நேரம், எட்டு மணி நேரம். கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர் தாண்டி மே சோட் என்ற எல்லை ஊரில் நின்றது. ராத்திரி ஒரு சின்ன விடுதி. எனக்கு முன்பே அங்கே இரண்டு பையன்கள் இருந்தார்கள், ஒருவன் தெலுங்கு, ஒருவன் நேபாளி. மூவருமே பயந்திருந்தோம், மூவருமே வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. வாசலில் காவல் இல்லை. கதவு பூட்டவில்லை. ரோட்டில் ஆள் நடமாட்டம் இருந்தது. அதுவரை நான் தாய்லாந்தில் சட்டப்படி இருக்கிற ஒரு சுற்றுலாப் பயணி. 1155 என்ற டூரிஸ்ட் போலீஸ் எண்ணை அழைத்திருக்கலாம், பாங்காக்கில் உள்ள நம் தூதரகத்தை அழைத்திருக்கலாம், சும்மா ஒரு பஸ் பிடித்துத் திரும்பியிருக்கலாம். படுத்துக்கொண்டு என்ன கணக்குப் போட்டேன் தெரியுமா? இப்போது திரும்பினால் நகையை எப்படி மீட்பது என்று. மறுநாள் விடிவதற்கு முன்னால் ஒரு வண்டி, சோளக்காட்டுக்கு நடுவே ஒரு பாதை, பிறகு ஒரு ஆறு. மோய் ஆறு. பெரிய ஆறெல்லாம் இல்லை, அக்கரையில் பேசுவது கேட்கும். படகில் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அக்கரை மியான்மர், மியாவாடி. துப்பாக்கியோடு நின்றவன் கை கொடுத்துக் கரையேற்றிவிட்டான். ஆற்றைத் தாண்டிய அந்த நொடியில் நான் இன்னொரு நாட்டுக்குள் அனுமதியின்றி நுழைந்த குற்றவாளி ஆகிவிட்டேன். அதையும் கணக்கில் வைத்துத்தான் அந்த வழியாகக் கூட்டிப் போகிறார்கள்.

உள்ளே போனதும் பாஸ்போர்ட், போன் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சீன மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து. நடுவில் நின்றால் 5,000 டாலர் கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. “நான் போகிறேன்” என்றதற்கு மொழிபெயர்ப்பாளர் அமைதியாகச் சொன்னார்: உன்னை நாங்கள் காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம். எத்தனை என்று கேட்டேன், சொல்லவில்லை. அதற்கு அடுத்த மாதம், ஆட்கள் பட்டியல் ஒட்டிய ஒரு கணினித் திரையைத் தற்செயலாகப் பார்த்தபோது என் பெயருக்கு நேரே 3,200 என்று இருந்தது. டாலர். சந்தையில் மாட்டுக்குக் கயிறு மாற்றுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதுதான் ஞாபகம் வந்தது.

வேலை என்னவென்று இப்போது நிறையப் பேருக்குத் தெரியும். சீனத்தில் இதற்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் ‘பன்றி அறுப்பு’ என்று சொல்லலாம்; கொழுக்க வைத்து அறுப்பது. ஒரு அழகான பெண்ணின் படங்களோடு பொய்யான கணக்கு, ஆளுக்கு எட்டுப் பத்து போன், மேசைமீது ஒட்டிய வசனத்தாள். முதல் நாள் என்ன கேட்க வேண்டும், நான்காம் நாள் என்ன சொல்ல வேண்டும், பத்தாம் நாள் கிரிப்டோ முதலீட்டை எப்படி எடுத்து விட வேண்டும் என்று எல்லாம் எழுதி இருக்கும். ஒரு நாளைக்கு 15, 16 மணி நேரம். டார்கெட் எட்டவில்லை என்றால் முதலில் அபராதம், பிறகு கையைத் தூக்கிக்கொண்டு நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணம், அதற்கும் மேல் இருட்டறையும் மின்சாரத் தடியும். மின்சாரத் தடியை ஒரு தடவை பார்த்தேன், ஒரு தடவை வாங்கினேன். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

அடியைவிட என்னை இன்றும் தூங்கவிடாதது வேறு. அமெரிக்காவில் ஒரு பெரியவர், மனைவி இறந்து இரண்டு வருடம். ‘நான்’ என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்குத் தினமும் காலையில் வீட்டுத் தோட்டத்துத் தக்காளியைப் படம் எடுத்து அனுப்புவார். மனைவி வைத்த செடி, இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது என்று எழுதுவார். முதலில் 1,000 டாலர் போட்டார், அதற்கு ‘லாபம்’ காட்டித் திருப்பிக் கொடுத்தோம், அதுதான் முறை. பிறகு 22,000. அந்தக் கட்டத்தில் அரட்டையை என்னிடமிருந்து வேறு குழுவுக்கு மாற்றிவிட்டார்கள். மேசையில் மணி அடித்தார்கள், எல்லாரும் கை தட்டினோம், நானும் தட்டினேன். அமெரிக்காவின் எஃப்பிஐக்கு வந்த புகார்களின்படி 2023இல் முதலீட்டு மோசடிகளில் போன பணம் 457 கோடி டாலர். அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தக்காளிச் செடிதான் தெரிகிறது.

வந்த பிறகு கிடைத்ததையெல்லாம் வாசித்தேன், எனக்கு நடந்ததற்கு என்ன பெயர் என்று தெரிந்துகொள்ள. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் ஒரு லட்சம் பேர் அளவுக்கு இப்படி அடைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐநா மனித உரிமை அலுவலகம் 2023இல் சொன்னது. இது ஒரு மூலைதான். 2021 கணக்குப்படி உலகத்தில் கட்டாய உழைப்பில் இருப்பவர்கள் 2.76 கோடிப் பேர், அதில் 33 லட்சம் குழந்தைகள். மீன்பிடிக் கப்பல், செங்கல் சூளை, வீட்டு வேலை, பாலியல் தொழில் என்று இடம்தான் வேறு. இதில் வருடத்துக்கு 23,600 கோடி டாலர் லாபம், ஆளுக்குச் சராசரி 10,000 டாலர் அளவில் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024இல் கணக்குச் சொல்லியிருக்கிறது. என்னை 3,200க்கு வாங்கியிருக்கிறார்கள். வாங்கியவனுக்கு நல்ல வியாபாரம்.

மூன்றாவது மாதம் ஒரு ஆஃபர் வந்தது. மூன்று பேரைக் கூட்டி வந்தால் என்னை விட்டுவிடுவார்களாம். அப்போதுதான் எனக்குப் பரிந்துரைத்த அந்த அண்ணன் கதை புரிந்தது. அவரும் அதே கட்டிடத்தில் வேறு தளத்தில் இருந்தவர். நான் அவருடைய மூன்றில் ஒருவன். அவரைத் திட்டி எழுதலாம் என்று பல தடவை உட்கார்ந்தேன், கை வரவில்லை. காரணம் இதுதான்: கம்பெனி போனைக் கையில் கொடுத்தபோது நானும் கல்லூரி நண்பன் ஒருவனுக்கு “மச்சி, இங்க ஓப்பனிங் இருக்கு” என்று அனுப்பினேன். அவன் பதில் போடவில்லை. நல்ல வேளை என்று சொல்லிக்கொள்கிறேன், ஆனால் அனுப்பியது நான்தான். எனவே, தெரிந்தவர் அங்கே இருக்கிறார் என்பதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீடியோ காலில் வரச் சொல்லுங்கள், ஜன்னலைத் திறந்து தெருவைக் காட்டச் சொல்லுங்கள். இருவருக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்றைப் பேச்சுக்கு நடுவில் தப்பாகச் சொல்லிப் பாருங்கள், திருத்தாமல் விட்டால் பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள்.

ஆட்கள் கிடைக்காததால் வீட்டைப் பிடித்தார்கள். அக்காவுக்கு வீடியோ கால், பக்கத்தில் தடியோடு ஒருவன். 5,000 டாலர் கேட்டார்கள், பேரம் பேசி 3,000க்கு வந்தது. அக்கா இரண்டே நாளில் புரட்டி, அவர்கள் சொன்ன யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கில் போட்டாள். பணம் சேர்ந்த மறுநாள் என்னை விடவில்லை, பக்கத்து வளாகத்துக்கு விற்றார்கள். கொடுக்கிற வீடு என்று தெரிந்ததால் என் விலை கூடியிருக்கும் என்பது என் யூகம். அக்காவைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, தம்பியை அடிப்பதைப் பார்த்த யாரும் கொடுக்கத்தான் செய்வார்கள். ஆனால் கொடுப்பதற்கு முன் ஒரு நாளாவது தள்ளுங்கள், அந்த ஒரு நாளில் தூதரகத்துக்கு மெயில் போடுங்கள், வெளிநாட்டில் உள்ள இந்தியர்களுக்கான உதவி மைய எண் 1800 11 3090, அதில் பேசுங்கள், உள்ளூர் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைத்தால் அந்தக் கணக்கை முடக்கவாவது வாய்ப்பு உண்டு. அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை, ஒன்பது நாள் கழித்துப் போனபோது கணக்கில் ஒன்றுமில்லை. அவள் செய்த ஒரு நல்ல காரியம், நான் மே சோட்டில் இருந்து அனுப்பிய லொக்கேஷன், ஏஜெண்டின் வாய்ஸ் மெசேஜ், பணம் போட்ட ரசீது எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருந்து, என் பாஸ்போர்ட் நகலோடு சேர்த்துத் தூதரகத்துக்கு அனுப்பியது. பிறகு பெயர் சரிபார்க்க அதுதான் கைகொடுத்தது. போவதற்கு முன் பாஸ்போர்ட்டின் நகலை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள், தயவுசெய்து.

2025 பிப்ரவரி 5ஆம் தேதி தாய்லாந்து அந்தப் பக்கத்துக்குப் போகும் மின்சாரம், இன்டர்நெட், எரிபொருள் மூன்றையும் நிறுத்தியது. மின்விசிறி நின்ற அமைதியில் எல்லாரும் ஒரே நேரத்தில் தலை தூக்கியது நினைவிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் ஜெனரேட்டர் உறுமியது, வேலை தொடர்ந்தது. ஆனாலும் முதலாளிகள் முகத்தில் ஒரு பதற்றம் தெரிந்தது. அந்த மாதக் கடைசியில் அங்கே அதிகாரம் செய்யும் ஆயுதக் குழு எங்களை வெளியே ஏற்றி ஒரு முகாமில் கொண்டுபோய் விட்டது. வெளியே என்றால் விடுதலை இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள், எண்ணிக்கையில்லாத கொசு, கைவிரல் எண்ணிக்கையில் கழிப்பறை. தங்கள் நாடு ஏற்பாடு செய்தவர்கள் போனார்கள், மற்றவர்கள் காத்திருந்தார்கள். சீனர்களுக்கு வரிசையாக விமானம் வந்தது. எனக்குப் பக்கத்தில் படுத்திருந்த எத்தியோப்பியப் பையன் நிலத்தை விற்று வந்தவன். கென்யாக்காரி ஒருத்தி, பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர். பாதி சைகையிலேயே கதை சொல்லிக்கொண்டோம். ஒரே கதை. விற்றது மட்டும் நிலம், மாடு, நகை என்று மாறியது. மார்ச் 10, 11 தேதிகளில் நம் விமானப்படை விமானங்கள் மே சோட்டில் இருந்து 549 பேரை ஏற்றி வந்தன. அதில் நானும் ஒருவன்.

இறங்கியதும் விசாரணை. அது நியாயம்தான், எங்களுக்குள்ளேயே ஏஜெண்டுகளும் இருந்தார்கள். ஆனால் “மோசடி வேலைதானே செஞ்சிருக்கே” என்று ஒருவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: ஆள் கடத்தலுக்கு எதிரான ஐநாவின் 2000ஆம் ஆண்டு பலெர்மோ நெறிமுறையும் சரி, நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 143உம் சரி, ஏமாற்றியோ மிரட்டியோ ஒருவரைச் சுரண்டலுக்குக் கொண்டுபோனால் அவர் சம்மதித்தாரா என்பதே கணக்கில் வராது என்கின்றன. நான் நடந்து போனேன் என்பது அவர்களைக் காப்பாற்றாது. ஊரில் ஏஜெண்ட் மீது புகார் கொடுத்தபோது முதலில் பண மோசடி என்று மட்டும் எழுதினார்கள், ஏதோ சீட்டுக் கம்பெனி விவகாரம் மாதிரி. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கிடைத்த வக்கீல் அம்மா வந்து பேசிய பிறகுதான் 143 சேர்ந்தது. ஆள் கடத்தலுக்கு ஆளானவருக்கு அங்கே வக்கீல் இலவசம், வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள், சட்டத்திலேயே இருக்கிறது. சட்ட உதவி எண்ணான 15100க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது, பணம் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

மற்றதெல்லாம் சின்னச் சின்னச் சேதாரங்கள். பயோடேட்டாவில் ஏழு மாத ஓட்டை, இன்டர்வியூவில் என்ன சொல்வது என்று தெரியாமல் விழித்துத்தான் இப்போதைய வேலையில் சேர்ந்தேன். போனில் மெசேஜ் சத்தம் கேட்டால் தோள் இறுகுகிறது, அதனால் எப்போதும் சைலண்ட். அம்மா நகையைப் பற்றிப் பேசுவதே இல்லை, பேசினால் தேவலை.

போன வாரம் சித்தி பையன் கூப்பிட்டான். லாவோஸில் டேட்டா என்ட்ரி வேலையாம், வயது 22. ரிட்டர்ன் டிக்கெட் யார் பெயரில், என்ன விசா, இமிகிரேஷனில் என்ன சொல்லச் சொன்னார்கள் என்று கேட்டேன். “டூர்னு சொல்லச் சொன்னாங்கண்ணா” என்றான். நடந்ததையெல்லாம் சொன்னேன், தக்காளிக் கதை உட்பட. ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான், “40,000 அட்வான்ஸ் கட்டிட்டேண்ணா. போகலைன்னா திருப்பித் தர மாட்டாங்களாம்.”

“போகட்டும்டா, அந்த 40,000ஐ நான் தர்றேன்” என்றேன். என்னிடம் இல்லை. மறுநாளே ஆபீஸில் முன்பணம் கேட்டு வாங்கி அவன் கணக்கில் போட்டுவிட்டேன்.